ஒரு பாக்கெட், ஒரு லிட்டர்

கரைசலின் அளவைக் கணக்கிடுவோம்

1. குழந்தைக்கு என்ன ஆயிற்று?

மும்பையில் தாராவி என்ற பகுதி இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கமிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் அங்கே பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அவர்களில் பலர் இட்லி செய்து விற்கிறார்கள்.

அப்படி ஒரு வீடு. வீட்டில் மாமியார், மகன், மருமகள், ஒன்றரை வயதுக் குழந்தை. மகன் விடியற்காலையிலேயே இட்லிக் கூடையோடு கிளம்பிப் போய்விட்டார்.

அது மழைக்காலம். முதல் நாள் இரவிலிருந்து குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. விடிவதற்குள் ஏழெட்டுத் தடவை போய்விட்டது. குழந்தையின் வாய் உலர்ந்து விட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை.

மருமகள் மருந்துக் கடைக்கு ஓடினாள். இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள் வாங்கி வந்தாள். ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்தாள். ஒரு பாக்கெட் முழுவதையும் அதில் கொட்டிக் கலக்கினாள்.

"கெட்டியா இருந்தா சீக்கிரம் கேக்கும் அத்தை" என்றாள்.

குழந்தை ஒரு வாய் குடித்தது. முகத்தைச் சுளித்தது. துப்பிவிட்டது.

மாமியார் காலி பாக்கெட்டைக் கையில் எடுத்தார். அவருக்கு ஐம்பத்தைந்து வயது. ஆறு மாதமாக மாலை வகுப்பில் படிக்கிறார். பாக்கெட்டில் இந்தியும் ஆங்கிலமும் இருந்தன. அந்த எழுத்துகள் அவருக்குத் தெரியாது. ஆனால் எண்கள் தெரியும்.

"ஏ பிள்ள, நில்லு. இதுல 1னு போட்டிருக்கு. பக்கத்துல ஒரு எழுத்து இருக்கு. தண்ணி பாட்டில்லயும் இதே எழுத்துதான். ஒரு லிட்டர்னு அர்த்தம். இந்த டம்ளர் எவ்வளவு பிடிக்கும்?"

மருமகள் யோசித்தாள். "அஞ்சு டம்ளர் ஊத்துனாத்தான் அந்த பாட்டில் நெறையும் அத்தை."

"அப்போ அஞ்சு டம்ளர் தண்ணியில போட வேண்டியதை ஒரு டம்ளர்ல போட்டுட்டியே!"

மருமகளுக்குக் கை நடுங்கியது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். மாமியார் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். இருவரும் பால்வாடிக்குப் போனார்கள்.

பால்வாடி டீச்சர் குழந்தையைப் பார்த்தார். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளி விட்டார். தோல் சற்று மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்பியது.

"உடம்புல தண்ணி குறைஞ்சிருக்கு. அந்தக் கெட்டிக் கரைசலைக் கொட்டிடுங்க. புதுசா கலப்போம். கலந்த கையோட டாக்டர்கிட்ட போகணும். போற வழியெல்லாம் கொடுத்துகிட்டே போங்க" என்றார்.

சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீரை அளந்தார்கள். இரண்டாவது பாக்கெட்டை அதில் போட்டார்கள். தூள் கரையும்வரை கலக்கினார்கள். ஸ்பூன் ஸ்பூனாகக் குழந்தைக்குக் கொடுத்தார்கள். இந்தத் தடவை குழந்தை துப்பவில்லை. டாக்டர் பார்த்தார். அதே கரைசலைத் தொடர்ந்து கொடுக்கச் சொன்னார்.

சாயங்காலம் குழந்தை சிறுநீர் கழித்தது. பிறகு பசித்து அழுதது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்து மருமகள் சிரித்தாள்.

2. மாமியாரின் கேள்வி

மறுநாள் மாலை வகுப்பு. பால்வாடி டீச்சரும் வந்திருந்தார். மாமியார் காலி பாக்கெட்டைப் பாயில் வைத்தார்.

"டீச்சர், எனக்கு ஒண்ணு புரியலை. பாக்கெட் அதே பாக்கெட்தான். மருந்து அதே மருந்துதான். தண்ணி கொறஞ்சா என்ன கெடுதல்?"

நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டுமானால், கரைசல் என்றால் என்ன, அதன் அளவை எப்படிக் கணக்கிடுவது என்று தெரிய வேண்டும்.

தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். உப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஆனால் அது எங்கும் போகவில்லை. தண்ணீருக்குள்தான் இருக்கிறது. நாக்கில் வைத்தால் தெரியும்.

கரைகிற பொருளுக்குக் கரைபொருள் என்று பெயர். இங்கே உப்பு கரைபொருள்.

கரைக்கிற பொருளுக்குக் கரைப்பான் என்று பெயர். இங்கே தண்ணீர் கரைப்பான்.

இரண்டும் சேர்ந்தது கரைசல்.

3. ஓர் எண் போதாது

"ஒரு கைப்பிடி உப்புப் போட்டேன்" என்று ஒருவர் சொல்கிறார். இட்லி மாவு உப்புக் கரிக்குமா, கரிக்காதா?

சொல்ல முடியாது. எவ்வளவு மாவில் போட்டார் என்று தெரிய வேண்டும். பெரிய பானை மாவில் போட்டிருந்தால் சரியாக இருக்கும். சின்னக் கிண்ணத்து மாவில் போட்டிருந்தால் வாயில் வைக்க முடியாது.

கரைசலுக்கும் அப்படித்தான். எவ்வளவு கரைத்தோம் என்பது ஓர் எண். எவ்வளவு தண்ணீரில் கரைத்தோம் என்பது இன்னோர் எண். இரண்டும் தெரிந்தால்தான் கரைசல் எவ்வளவு கெட்டி என்று சொல்ல முடியும். இந்தக் கெட்டித் தன்மைக்குச் செறிவு என்று பெயர்.

மருமகளுக்கு முதல் எண் தெரியும். ஒரு பாக்கெட். இரண்டாவது எண் தெரியவில்லை. ஒரு லிட்டர். அந்த எண்ணைத்தான் மாமியார் படித்துச் சொன்னார்.

4. எடை வேறு, எண்ணிக்கை வேறு

ஒரு டஜன் எலுமிச்சம்பழம் வாங்குகிறோம். ஒரு டஜன் தேங்காயும் வாங்குகிறோம். எண்ணிக்கை இரண்டுக்கும் 12தான். எடை ஒன்றா? இல்லை. தேங்காய் மூட்டையைத் தூக்கவே ஆள் வேண்டும்.

உப்பும் சர்க்கரையும் இப்படித்தான். இரண்டும் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய துகள்களால் ஆனவை. சர்க்கரைத் துகள் கனமானது. உப்புத் துகள் அதைவிட லேசானது.

கரைசலில் எத்தனை துகள்கள் இருக்கின்றன என்பதுதான் உடம்புக்கு முக்கியம். ஆனால் துகள்களை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. ஒரு சிட்டிகை உப்பிலேயே கோடானுகோடித் துகள்கள் இருக்கும். அதனால் வேதியியல் அறிஞர்கள் ஒரு வழி கண்டார்கள். எடையைப் போட்டு எண்ணிக்கையைத் தெரிந்து கொண்டார்கள். வங்கியில் மூட்டை நாணயத்தை எடை போட்டு எண்ணிக்கையைக் கண்டுபிடிப்பது போலத்தான் இது.

12 பொருள் சேர்ந்தால் ஒரு டஜன். அதுபோல மிகப் பெரிய எண்ணிக்கையில் துகள்கள் சேர்ந்தால் ஒரு மோல். எவ்வளவு பெரிய எண்ணிக்கை? 6 என்று எழுதி, அதன் பின்னால் 23 சுழி போட வேண்டும். ஏறத்தாழ அவ்வளவு.

ஒவ்வொரு பொருளிலும் ஒரு மோல் எவ்வளவு எடை இருக்கும் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

தண்ணீர்: ஒரு மோல் 18 கிராம்.
சமையல் உப்பு: ஒரு மோல் 58.5 கிராம்.
குளுக்கோஸ்: ஒரு மோல் 180 கிராம்.
வீட்டுச் சர்க்கரை: ஒரு மோல் 342 கிராம்.

58.5 கிராம் உப்பிலும், 180 கிராம் குளுக்கோஸிலும் துகள்களின் எண்ணிக்கை ஒன்றே. எடைதான் வேறு. எலுமிச்சம்பழ டஜன், தேங்காய் டஜன் போல.

5. மோலாலிட்டி

ஒரு கிலோ கரைப்பானில் எத்தனை மோல் கரைபொருள் இருக்கிறது? இந்தக் கணக்குக்கு மோலாலிட்டி என்று பெயர். பெயர் புதிது. கணக்கு எளிது. மூன்று படிகள்தான்.

முதல் படி: கரைபொருளை எடை போடு. கிராமில் எழுது.

இரண்டாம் படி: அந்தப் பொருளின் ஒரு மோல் எடையால் வகு. எத்தனை மோல் என்று கிடைக்கும்.

மூன்றாம் படி: தண்ணீரின் எடையைக் கிலோவில் எழுது. அதனால் வகு. மோலாலிட்டி கிடைக்கும்.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மூன்றாம் படியில் தண்ணீரின் எடையை மட்டுமே எடுக்க வேண்டும். கரைத்த பிறகு உள்ள மொத்தக் கரைசலின் எடையை எடுக்கக் கூடாது.

சில கணக்குகளைப் பார்ப்போம்.

ஒரு கிலோ தண்ணீரில் 180 கிராம் குளுக்கோஸ். 180ஐ 180ஆல் வகுத்தால் 1 மோல். தண்ணீர் 1 கிலோ. மோலாலிட்டி 1.

ஒரு கிலோ தண்ணீரில் 90 கிராம் குளுக்கோஸ். 90ஐ 180ஆல் வகுத்தால் அரை மோல். தண்ணீர் 1 கிலோ. மோலாலிட்டி 0.5.

அரைக் கிலோ தண்ணீரில் 90 கிராம் குளுக்கோஸ். அரை மோல். தண்ணீர் 0.5 கிலோ. 0.5ஐ 0.5ஆல் வகுத்தால் 1. மோலாலிட்டி 1.

கடைசி இரண்டு கணக்கையும் பாருங்கள். குளுக்கோஸ் ஒரே அளவுதான். தண்ணீர் பாதியானது. மோலாலிட்டி இரட்டிப்பானது.

தண்ணீரை ஏன் லிட்டரில் அளக்காமல் கிலோவில் எடுக்கிறோம்? தண்ணீரைச் சுட வைத்தால் அது சற்று விரியும். லிட்டர் அளவு மாறும். ஆனால் எடை மாறாது. அதனால் எடைக் கணக்கு எப்போதும் பிசகாது. வீட்டு உபயோகத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு கிலோ என்று எடுத்துக் கொள்ளலாம்.

6. பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது?

இப்போது ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பிரிப்போம். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் 20.5 கிராம் தூள் இருக்கிறது. அதில் நான்கு பொருள்கள்.

குளுக்கோஸ்: 13.5 கிராம்.
சமையல் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு: 2.6 கிராம்.
பொட்டாசியம் குளோரைடு: 1.5 கிராம்.
சோடியம் சிட்ரேட்: 2.9 கிராம்.

கூட்டிப் பாருங்கள். 20.5 வருகிறதா?

முதலில் குளுக்கோஸ் கணக்கு. ஒரு மோல் 180 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு 18 கிராம். 18இல் முக்கால் எவ்வளவு? 13.5. ஆகவே பாக்கெட்டில் இருப்பது பத்தில் ஒரு மோலில் முக்கால் பங்கு. அதாவது 0.075 மோல். தண்ணீர் ஒரு கிலோ. மோலாலிட்டி 0.075.

அடுத்தது சோடியம் கணக்கு. சோடியம் என்பது உப்பில் இருக்கும் ஒரு பொருள். 2.6ஐ 58.5ஆல் வகுத்தால் 0.044 மோல். ஒவ்வோர் உப்புத் துகளிலும் ஒரு சோடியம் இருக்கிறது. ஆகவே உப்பிலிருந்து 0.044 மோல் சோடியம்.

சோடியம் சிட்ரேட்டிலும் சோடியம் உண்டு. அதில் ஒரு மோல் 294 கிராம். 2.9ஐ 294ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.01 மோல். ஒவ்வொன்றிலும் மூன்று சோடியம். ஆகவே 0.03 மோல்.

இரண்டையும் கூட்டினால் 0.074. ஏறத்தாழ 0.075 மோல் சோடியம்.

குளுக்கோஸும் 0.075. சோடியமும் 0.075. எடையைப் பார்த்தால் சர்க்கரைதான் பல மடங்கு. எண்ணிக்கையைப் பார்த்தால் இரண்டும் சமம்! இது தற்செயலா? இல்லை. எண்ணிப் பார்த்துச் செய்த ஏற்பாடு.

7. சர்க்கரை கதவைத் திறக்கிறது

வயிற்றுப்போக்கில் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வெளியேறுகின்றன. வெறும் தண்ணீர் கொடுத்தால் போதாது. போன உப்பு திரும்பி வராது. வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தாலும் போதாது. நோயுற்ற குடல் உப்பைச் சரியாக உறிஞ்சாது.

ஆனால் குடலில் ஒரு தனிக் கதவு இருக்கிறது. வயிற்றுப்போக்கு இருக்கும்போதும் அந்தக் கதவு வேலை செய்யும். அதன் வழியாகச் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே போகும். தனியாக ஒன்று போக முடியாது. அவை இரண்டும் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும்.

அதனால்தான் குளுக்கோஸின் எண்ணிக்கை சோடியத்துக்குக் குறையாமல் வைத்திருக்கிறார்கள். அளவுக்கு மீறிக் கூடாமலும் வைத்திருக்கிறார்கள்.

முன்பு பாக்கெட்டில் 20 கிராம் குளுக்கோஸும் 3.5 கிராம் உப்பும் இருந்தன. ஆய்வு செய்து பார்த்தார்கள். செறிவைக் குறைத்தால் வாந்தியும் போக்கும் குறைவதைக் கண்டார்கள். 2002இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் இப்போதுள்ள அளவைப் பரிந்துரைத்தன.

8. பன்காவ் முகாமில்

இந்தக் கரைசலின் கதையில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

1971இல் வங்கதேச விடுதலைப் போர் நடந்தது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்கு வந்தார்கள். மேற்கு வங்க எல்லையில் பன்காவ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே அகதிகள் திரண்டிருந்தார்கள். காலரா பரவியது.

டாக்டர் திலீப் மஹலனாபிஸ் கல்கத்தாவிலிருந்து அங்கே போனார். ஆஸ்பத்திரியில் நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். அப்போது காலராவுக்கு நரம்பில் ஊசி போட்டு சலைன் ஏற்றுவதுதான் வழக்கம். ஆனால் அத்தனை பேருக்கு ஏற்ற சலைன் பாட்டில் இல்லை. ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை.

சர்க்கரையும் உப்பும் கலந்த கரைசலை வாய் வழியாகக் கொடுக்கலாம் என்று டாக்காவில் 1968இல் ஆய்வு செய்து காட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில், மருத்துவர் மேற்பார்வையில் செய்த ஆய்வு அது. முகாமில் அது பலிக்குமா? யாருக்கும் தெரியாது. வேறு வழியும் இல்லை.

மஹலனாபிஸ் துணிந்தார். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் எடை போட்டுப் பிளாஸ்டிக் பைகளில் அடைத்தார்கள். பன்காவில் பெரிய டிரம்களில் தண்ணீர் ஊற்றிக் கலந்தார்கள். தாயும் தகப்பனும், அண்ணனும் தம்பியும் குவளையில் பிடித்துப் போய்த் தங்கள் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள்.

அதற்கு முன் முகாம்களில் காலரா வந்த நூறு பேரில் 30 பேர் வரை இறந்தார்கள். இந்தக் கரைசல் வந்த பிறகு, எட்டு வாரங்களில் 3,700க்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சை பெற்றார்கள். இறந்தவர்கள் 135 பேர். நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு.

கரைசலைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் டாக்டர்களோ நர்சுகளோ அல்லர். சாதாரண மக்கள். ஆனால் அளவு சரியாக இருந்தது. எடை போட்ட தூள், அளந்த தண்ணீர். அதுதான் உயிர்களைக் காத்தது.

டாக்டர் மஹலனாபிஸ் 2022இல் காலமானார். 2023இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை அறிவித்தது.

9. கெட்டியானால் என்ன கெடுதல்?

மாமியாரின் கேள்விக்கு வருவோம். மருமகள் கலந்த டம்ளரின் கணக்கைப் பார்ப்போம்.

குளுக்கோஸ் 0.075 மோல். தண்ணீர் 200 மில்லி, அதாவது 0.2 கிலோ. 0.075ஐ 0.2ஆல் வகுத்தால் 0.375.

இருக்க வேண்டியது 0.075. இருந்தது 0.375. ஐந்து மடங்கு! சோடியமும் அதேபோல ஐந்து மடங்கு.

ஊறுகாய்க்கு மாங்காயில் உப்பைப் போட்டு வைக்கிறோம். என்ன ஆகிறது? மாங்காயிலிருந்து தண்ணீர் வெளியே வருகிறது. துண்டுகள் சுருங்குகின்றன. உப்பு கெட்டியாக உள்ள பக்கம் தண்ணீரை இழுக்கும்.

குடலிலும் இதுதான் நடக்கும். கெட்டிக் கரைசல் குடலுக்குள் போனால், உடம்பில் மிச்சமுள்ள தண்ணீரையும் குடலுக்குள் இழுக்கும். வயிற்றுப்போக்கு கூடும். இரத்தத்தில் உப்பு ஏறும். குழந்தைக்கு வலிப்பு வரலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஒரு பாக்கெட்டை இரண்டு லிட்டரில் கலந்தால்? அதுவும் தவறு. செறிவு பாதியாகிவிடும். இழந்த உப்பு போதுமான அளவு திரும்பாது.

டீச்சர் இதைச் சொல்லி முடித்தார். மருமகள் வாசலில் நின்று கேட்டுக் கொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை.

"கெட்டியா கொடுத்தா நல்லதுன்னு நெனச்சேன் டீச்சர்" என்றாள்.

"பாசத்துல செஞ்சதுதாம்மா. ஆனா பாசத்துக்கும் அளவு தெரியணும்" என்றார் டீச்சர்.

மாமியார் பாயில் நகர்ந்து இடம் விட்டார். "நின்னுகிட்டே எதுக்கு கேக்க? வந்து உக்காரு" என்றார்.

10. சரியாகக் கலக்கும் முறை

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறது? படியுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட் உண்டு. 200 மில்லி தண்ணீருக்கான சிறிய பாக்கெட்டும் உண்டு. இரண்டையும் மாற்றிவிடக் கூடாது.

அந்த அளவு சுத்தமான தண்ணீரை அளந்து எடுங்கள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் நல்லது.

பாக்கெட் முழுவதையும் போட்டுக் கலக்குங்கள். பாதியைப் போட்டு மீதியை வைக்க வேண்டாம். வேறு உப்போ சர்க்கரையோ சேர்க்க வேண்டாம்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் கால் டம்ளர் முதல் அரை டம்ளர் வரை கொடுங்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு அரை டம்ளர் முதல் ஒரு டம்ளர் வரை. ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள்.

கலந்த கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். வழக்கமான உணவையும் கொடுங்கள். சுகாதாரப் பணியாளரிடம் ஜிங்க் மாத்திரை கேளுங்கள். போக்கு நின்றாலும் 14 நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும்.

பாக்கெட் கிடைக்கவில்லையா? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் போடுங்கள். ஸ்பூனில் குவித்து எடுக்கக் கூடாது. தலை தட்டி எடுக்க வேண்டும். கலந்ததும் நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

குழந்தை குடிக்க முடியாமல் கிடந்தால், மயங்கிக் கிடந்தால், கண் குழிவிழுந்தால், மலத்தில் இரத்தம் வந்தால், விடாமல் வாந்தி எடுத்தால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள். மயங்கிக் கிடக்கும் குழந்தையின் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.

11. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

சில இனிப்புப் பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகள் இருந்தன. அவற்றில் சர்க்கரை மிக அதிகம். வயிற்றுப்போக்குக்கு அவை உதவா. போக்கைக் கூட்டவும் கூடும்.

2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. இத்தகைய பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று சேர்க்கக் கூடாது என்று சொன்னது.

கடையில் வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நான்கு பொருள்களும் இருக்கின்றனவா? ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம் என்று இருக்கிறதா? சந்தேகம் வந்தால் கடைக்காரரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

12. பயிற்சி

அ. கணக்குப் போடுக.

1. ஒரு கிலோ தண்ணீரில் 36 கிராம் குளுக்கோஸ் கரைந்துள்ளது. மோலாலிட்டி என்ன?

2. அரைக் கிலோ தண்ணீரில் 58.5 கிராம் உப்பு கரைந்துள்ளது. மோலாலிட்டி என்ன?

3. வீட்டில் 200 மில்லி பாக்கெட்டுகள் மட்டுமே உள்ளன. ஒரு லிட்டர் கரைசல் வேண்டும். எத்தனை பாக்கெட் போட வேண்டும்?

ஆ. சரியா, தவறா?

1. கெட்டியான கரைசல் சீக்கிரம் குணமாக்கும்.

2. மோலாலிட்டி கணக்கில் தண்ணீரின் எடையை எடுக்க வேண்டும்.

3. வயிற்றுப்போக்கு வந்தால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டும்.

இ. செய்து பாருங்கள்.

உங்கள் வீட்டு டம்ளரையும் சொம்பையும் எடுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்புங்கள். எத்தனை டம்ளர் வருகிறது? எத்தனை சொம்பு வருகிறது? எண்ணுங்கள். அந்த எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள். அவசர நேரத்தில் உதவும்.

விடைகள்

அ. 1) 0.2  2) 2  3) ஐந்து பாக்கெட்
ஆ. 1) தவறு  2) சரி  3) தவறு

தாராவியில் அந்த வீட்டுச் சுவரில் இப்போது கரிக்கட்டையால் எழுதியிருக்கிறது: "1 பாக்கெட் = 5 டம்ளர்." எழுதியது மாமியார் அல்ல. மருமகள். மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் இப்போது படிக்கிறாள்.